உருகும் பனிக்கட்டியும் அசையாத வெப்பமானியும்: உள்ளுறை வெப்பக் கருத்தாக்கத்தின் வரலாறு

பள்ளிப் பாடநூல்கள் பருப்பொருளின் நிலைமாற்றத்தைத் துகள்களிலிருந்து தொடங்கி விளக்குகின்றன. வெப்பம் பெறும் துகள்கள் மிகுதியாக அதிர்கின்றன, பிணைப்புத் தளர்கிறது, திண்மம் நீர்மமாகிறது. வரலாற்றிலோ இவ்வரிசை தலைகீழானது. உருகுதலின்போது செலவாகும் வெப்பத்தின் அளவு முதலில் அறியப்பட்டது. துகள்வழி விளக்கம் நிலைபெற அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

அளவைக் கண்டவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோசப் பிளாக் (1728–1799). உருகுநிலையை எட்டிய பனிக்கட்டி இன்னும் சிறிது வெப்பம் பெற்றாலே முழுவதும் நீராகிவிடும் என்பது அக்காலப் பொதுக்கருத்து. அது மெய்யாயின், வெயில் சற்று ஏறியதும் மலைப்பனி ஒருங்கே உருகிப் பெருவெள்ளம் பாய்ந்திருக்க வேண்டும். அவ்வாறு நிகழாமையே பிளாக்கின் ஐயத்திற்கு அடிப்படை.

அவருடைய சோதனை எளியது. இரு மெல்லிய கண்ணாடிக் குடுவைகளில் 5 அவுன்சு வீதம் நீர் ஊற்றப்பட்டது. ஒன்றிலிருந்த நீர் உறையவைக்கப்பட்டது. மற்றது 33 பாரன்ஹீட் பாகைக்குக் குளிர்விக்கப்பட்டது. இரண்டும் 47 பாகை வெப்பநிலையுள்ள பெரிய கூடமொன்றில் வைக்கப்பட்டன. நீர் அரைமணி நேரத்தில் 40 பாகையை அடைந்தது; பனிக்கட்டி அதே நிலையை அடையப் பத்தரை மணி நேரம், அதாவது 21 அரைமணிகள் பிடித்தன. அரைமணிக்கு 7 பாகை எனக் கொண்டால் மொத்தம் 147. உருகிய நீர் 32இலிருந்து 40க்கு உயரத் தேவையான 8 பாகையைக் கழிக்க, எஞ்சுவது 139. வெப்பமானியில் தோன்றாமலே பனிக்கட்டி ஏற்ற வெப்பம் இது. இன்றைய மதிப்பு ஏறத்தாழ 144. காற்றின் வழியே வந்த வெப்பத்தை நேரத்தைக் கொண்டே கணக்கிட்ட முறைக்கு இவ்வளவு நெருக்கம் வியப்புக்குரியது. இம்முடிவுகள் 1762 ஏப்ரலில் பல்கலைக்கழக அறிஞர் குழுவின்முன் வாசிக்கப்பட்டன. அதே முறையில் நீராவிக்கு அவர் கண்ட 810 பாகை இன்றைய 970க்குக் குறைவானது. அடுப்பின் தீ ஒரே சீராக எரியும் என்னும் எடுகோளின்மேல் நின்ற கணக்கு அது.

குளிர்தலுக்குப் பாரன்ஹீட்டின் முந்தைய நோக்கு ஒன்று சான்றாயிற்று. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் நீர்மமாகவே நின்ற நீர், அசைக்கப்பட்டதும் உறைந்தது; வெப்பநிலை 32 பாகைக்கு ஏறிற்று. ஏற்ற வெப்பம் திரும்ப வெளிப்படுகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஆயினும் வெப்பம் யாது என்பதில் ஒருமை இல்லை. அது பொருளோடு கலக்கும் நுண்பாய்மம் என்னும் கருத்தின்பால் பிளாக் சாய்ந்திருந்தார். கொள்கையை வலியுறுத்துவதில் மட்டும் தயங்கினார். அவர் மாணவர் வில்லியம் இர்வின், வெப்ப ஏற்புத்திறன் மாறுவதே காரணம் என மறுத்தார். லவாய்சியர் 1789இல் கலோரிக்கைத் தனிமங்களின் பட்டியலிலேயே சேர்த்தார். 1857இல்தான் கிளாசியஸ் மூன்று நிலைகளையும் துகள் இயக்கத்தால் வேறுபடுத்தினார்: திண்மத்தில் துகள்கள் நிலையான இடங்களைச் சூழ்ந்து அதிர்கின்றன, நீர்மத்தில் இடம் மாறியும் ஒன்றன் ஈர்ப்பை ஒன்று விட்டு நீங்குவதில்லை, வாயுவில் ஈர்ப்பு எல்லையைக் கடந்து நேர்கோட்டில் செல்கின்றன. இதன்படி, உருகும்போது சேரும் வெப்பம் துகள்களின் வேகத்தைக் கூட்டாமல் ஈர்ப்பை எதிர்த்துச் செலவாகிறது. வெப்பமானி அசையாமைக்குக் காரணம் இதுவே.

கலோரிக் வீழ்ந்தபோதும் பிளாக்கின் அளவீட்டு முறைக்குக் கேடு வரவில்லை. அது எந்தக் கொள்கையையும் சார்ந்திருக்கவில்லை. சொல் மட்டும் பழைய கொள்கையின் சுவடோடு தங்கிவிட்டது. அகப்பொருள் இலக்கணத்திற்குரிய ‘உள்ளுறை’ தமிழ் அறிவியலில் இவ்வெப்பத்திற்குப் பெயராக வழங்குகிறது. உள்ளே வெப்பமாகவே மறைந்திருப்பது என்னும் பொருளைத் தருவதால், அது கிளாசியசின் விளக்கத்தைவிடப் பிளாக்கின் எண்ணத்திற்கே அணுக்கமானது.