உரலும் கிரைண்டரும் அழற்சியும்

"அந்தக் காலத்துல ஆட்டுக்கல்லுல மாவாட்டினாங்க, உரல்ல நெல்லு குத்தினாங்க. ஒருத்திக்காவது தொப்பை இருந்துதா?" திருவண்ணாமலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மாமா இதைச் சொல்லாத பண்டிகை நாள் கிடையாது. அத்தை உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். அறுபதை நெருங்கும் அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. முழங்கால் வீங்கியிருக்கிறது. காலையில் எழுந்ததும் கைவிரல்களை மடக்க முடியாது. எந்த வலியைச் சொன்னாலும் மருத்துவரிடமிருந்து ஒரே பதில்தான்: "எடையைக் குறைங்கம்மா." திண்ணையில் கேட்பதும் மருத்துவமனையில் கேட்பதும் சாரத்தில் ஒன்றுதான். உன் உடம்பு, உன் குற்றம்.

மாமாவின் வரலாற்றை முதலில் பார்த்துவிடுவோம். தமிழ்நாடு அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர் கொடுக்கத் தொடங்கியது 2011-இல். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் அதிக எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள் 2015–16 தேசியக் குடும்பநல ஆய்வில் 30.9 சதவீதம், 2019–21 ஆய்வில் 40.4 சதவீதம். கிரைண்டர்தான் காரணம் என்று இங்கேயே தீர்ப்பு எழுதிவிடலாம், அதே ஆய்வில் ஆண்களின் கணக்கைப் பார்க்காமல் இருந்தால். அவர்களில் 37.0 சதவீதம். இவர்கள் எந்த உரலில் இடித்துவிட்டு நிறுத்தினார்கள்?

மாறியது உரல் மட்டுமில்லை. ஜவ்வாது மலைச் சாமையும் கேழ்வரகுக் களியும் இருந்த தட்டில் மூன்று வேளையும் அரிசி வந்தது. சர்க்கரையும் பாமாயிலும் மலிந்தன. வயலில் குனிந்து நிமிர்ந்த பெண்களின் மகள்கள் விடியலில் வேன் ஏறிச் செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். மாறாத ஒன்றும் உண்டு. வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு, மிஞ்சிய சோறு வீணாகக் கூடாதே என்று, இரவு பத்து மணிக்குப் பெண் சாப்பிடுகிறாள்.

இனி மருத்துவரின் வாக்கியத்துக்கு வருவோம். அழற்சி என்ற சொல்லுக்குள் அழல் இருக்கிறது, நெருப்பு. அக்னித் தலத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிவத்தல், வீங்குதல், சுடுதல், வலித்தல் என்று அதன் நான்கு அடையாளங்களை ரோமானியரான செல்சஸ் முதலாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். முள் குத்திய விரலில் நாம் காண்பது அதுதான்; வந்த வேலை முடிந்ததும் அணைந்துவிடும். கொழுப்புத் திசுவில் மூளும் அழற்சிக்கு இந்த வெளி அடையாளங்கள் கிடையாது. சாம்பலுக்கு அடியில் கிடக்கும் தணல் அது. அதனால்தான் அதைக் கண்டுபிடிக்க இத்தனை காலம் ஆனது.

கொழுப்பு என்பது மிஞ்சிய உணவைப் போட்டுவைக்கும் குதிர் என்றே நெடுங்காலம் பாடம் நடந்தது. 1993-இல் ஹோடமிஸ்லிகிலும் ஸ்பீகல்மன் குழுவினரும் பருத்த எலிகளின் கொழுப்புத் திசு டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சிப் பொருளைச் சுரப்பதையும், அது இன்சுலினின் வேலையைக் கெடுப்பதையும் காட்டினார்கள். பத்தாண்டு கழித்து, 2003-இல், இன்னும் வியப்பான செய்தி வந்தது. கொழுப்புச் செல்கள் அளவுக்கு மீறி ஊதும்போது பிராணவாயு போதாமல் சில மடிகின்றன. அவற்றைச் சுற்றி மேக்ரோஃபேஜ் என்னும் வெள்ளணுக்கள் கூடிவிடுகின்றன. அவை விடும் சமிக்ஞை கல்லீரலுக்கு எட்ட, சிஆர்பி என்ற புரதம் ரத்தத்தில் ஏறுகிறது. சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் நடத்திய க்யூர்ஸ் ஆய்வும் சிஆர்பிக்கும் உடல் கொழுப்புக்கும் சர்க்கரை நோய்க்கும் உள்ள தொடர்பை நம் மக்களிடமே கண்டது.

இந்த வரலாற்றில் பெண்கள் எங்கே? இன்று ஒவ்வொரு மருத்துவமனைச் சுவரிலும் தொங்கும் பிஎம்ஐ அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். 1972-இல் அந்தச் சூத்திரத்துக்குப் பெயர் வைத்துப் பரப்பிய ஆன்சல் கீஸ், ஐந்து நாடுகளைச் சேர்ந்த 7,400-க்கும் மேற்பட்டோரை அளந்தார். அத்தனை பேரும் ஆண்கள். இந்தியா அந்த ஐந்தில் இல்லை. ஆனால் 1995-இல் மனிதக் கொழுப்பில் டிஎன்எஃப் இருக்கிறதா என்று பார்க்கத் திசு கொடுத்தவர்கள் 37 பெண்கள். அவர்களில் பருத்தவர்கள் 19 பேர். அவர்கள் கொழுப்பில் அது இரண்டரை மடங்கு அதிகமாக வெளிப்பட்டது. அளவுகோல் ஆணுடம்பிலிருந்து வந்தது, சான்று பெண்ணுடம்பிலிருந்து வந்தது.

இடுப்பிலும் தொடையிலும் சேரும் கொழுப்பும் வயிற்றுக்குள் சேரும் கொழுப்பும் ஒன்றல்ல என்று மார்செய் நகர மருத்துவர் ழான் வாக் 1947-லேயே சொல்லியிருந்தார். ஆபத்து வயிற்றுக் கொழுப்பில்தான். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைய, பெண்ணின் கொழுப்பும் வயிற்றுக்கு இடம் மாறுகிறது. எடை இயந்திரத்துக்கு இது தெரியாது. 2004-இல் புணேயின் சி.எஸ். யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் அருகருகே நிற்கும் தங்கள் படத்தை வெளியிட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்.

யாஜ்னிக்கின் மற்றொரு ஆய்வுதான் மாமாவுக்கு என் பதில். புணே அருகேயுள்ள கிராமங்களில் மெலிந்த, உழைத்துக் களைத்த தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. இந்தக் குழந்தைகளுக்குத் தசை குறைவு, ஆனால் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. கருவிலேயே பட்டினிக்குப் பழகிய உடம்பு, பின்னாளில் சோறு கிடைத்ததும் தடுமாறுகிறது என்பது அவர் வாதம். மாமா சொல்லும் அந்தத் தொப்பையில்லாப் பெண்கள் ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று யார் சொன்னது? நெல் குத்தியவர்களுக்குக் கஞ்சித்தண்ணிதான் மிஞ்சியது. அந்தப் பசியும் அத்தையின் வயிற்றில் இருக்கிறது.

அத்தையின் விரல்களையும் மறக்க வேண்டாம். முழங்கால் உடம்பின் பாரத்தைச் சுமக்கிறது, தேய்கிறது என்றால் ஒப்புக்கொள்ளலாம். கைவிரலில் யாரும் நடப்பதில்லை. ஆனாலும் பருத்த உடம்பினரிடம் கைவிரல் மூட்டுத் தேய்மானம் கூடுதலாகக் காணப்படுகிறது. ரத்தத்தில் ஓடும் அழற்சிக்கு அதில் பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவர் சொன்ன வலி சோம்பேறித்தனமோ சாக்கோ இல்லை.

எடை குறையாவிட்டாலும் தொடர்ந்து நடந்தால் வயிற்றுக் கொழுப்பு கரையும் என்று நான் சொன்னபோது அத்தை சிரித்தார். "நடக்க யாரு கண்ணு விடறாங்க?" பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் போனால் யாரும் கேட்பதில்லை. செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு, தனக்காக, அரை மணி நேரம் என்றால் காபி யார் போடுவது என்ற கேள்வி வந்துவிடும். இப்போது ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். தினமும் அக்னி லிங்கம் வரை போய்வருகிறார். வீட்டில் வேண்டுதல் என்று சொல்லியிருக்கிறார். மாமாவே காபி போட்டுக்கொள்கிறார்.