மாளிகைமேட்டுச் செங்கல்லும் சூளைச் செருப்பும்

2025 ஜூலை 27 அன்று கங்கைகொண்ட சோழபுரத்தில் பிரதமர் இராசேந்திர சோழன் நினைவு நாணயத்தை வெளியிட்டார். அங்கே அருங்காட்சியகம் கட்டப்போவதாக மாநில அரசும் அறிவித்திருக்கிறது. மன்னனுக்கு எல்லாம் கிடைக்கிறது. மண் சுமந்தவர்களுக்கு?

கோயிலுக்குச் சற்றுத் தொலைவில் மாளிகைமேடு. அகழாய்வில் வெளிப்பட்ட சோழர் அரண்மனைச் சுவர்கள் அங்கே செங்கல் செங்கல்லாகத் தெரிகின்றன. இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி அவன் வென்ற நாடுகளை வரிசையாகச் சொல்கிறது. இந்தக் கல்லை அறுத்துச் சுட்டவர்களைச் சொல்லவில்லை. அவன் தந்தை கட்டிய தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலோ, வரி நீக்கிய நிலங்களின் பட்டியலில் 'தீண்டாச்சேரி', 'பறைச்சேரி' இருக்கின்றன. விமானம் எழுந்தபோதே ஊர் வேறு, சேரி வேறு.

1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட, இந்தக் கோயிலின் மதிலை இடித்துக் கல் எடுத்தார்கள். போன கல்லுக்காக வரலாறு வருந்துகிறது. அதைச் சுமந்த தோள்களைப் பற்றி அப்போதும் பேச்சில்லை.

இந்த மௌனத்தை இன்றைய சிற்பிகள் சிலர் உடைக்கிறார்கள். அதற்குக் கருங்கல்லோ வெண்கலமோ அவர்களுக்குத் தேவைப்படவில்லை. நிலக்கரிச் சுரங்கத்தில் கொல்லராக உழைத்தவரின் மகன் பிரேந்தர் யாதவ். சூளையின் கொதிக்கும் மேற்பரப்பில் நின்று கரி போடுகிறவர்கள் அணியும் மரச்செருப்புகளைச் சேகரித்து, வரிசையாக அடுக்கிக் காட்சிக்கு வைத்தார். 'நரகத்தின் கூரை மேல் நடத்தல்' என்பது அதன் தலைப்பு. பாதுகையை அரியணையில் வைத்துக் கும்பிடும் மரபு இது. அதே மரத்துண்டு இங்கே தொழிலாளியின் கால் வேகாமல் காக்கிறது.

மராட்டியத்தின் பிரபாகர் காம்ப்ளே மண்பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார். நம் வீட்டு அடுக்குப்பானைதான். ஆனால் அண்ணல் அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையை அதில் பார்க்கிறோம். அடிப்பானை நகர்ந்தால் உச்சிப்பானை என்னவாகும்? இருவரின் படைப்புகளும் 2022 பெர்லின் கலைக் கண்காட்சியில் இடம்பெற்றன.

பெர்லினில் கிடைத்த இடம் அரியலூரில் கிடைக்காதா? கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. ஆனால் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு சூளைக்குப் போகிறவர்கள் தமிழகத்தில் இன்றும் இருக்கிறார்கள்.

எனவே நம் கோரிக்கை எளியது. வரப்போகும் அருங்காட்சியகத்தில் ஓர் அறை உழைத்தவர்களுக்கு வேண்டும். கல் அறுக்கும் அச்சு, மண்வெட்டி, சும்மாடு, தேய்ந்த செருப்பு ஆகியவற்றைக் கொண்டு நம் பெரம்பலூர், அரியலூர் சேரிப் பிள்ளைகள் அங்கே சிற்பம் செய்யட்டும். கோயிலைப் பார்க்க வருகிறவர்கள் அதையும் பார்த்துவிட்டுப் போகட்டும்.