கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகாத ராஜு

1973ஆம் வருஷம் மே 11ஆம் தேதி வெளியான 'உலகம் சுற்றும் வாலிபன்' முடிகிற இடத்தில், கொட்டகை விளக்குகள் எரிவதற்கு முன், ஓர் அறிவிப்பு வரும். அடுத்த தயாரிப்பு 'கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு'. எம்.ஜி.ஆர். அந்தப் படத்தை எடுக்கவில்லை. எடுக்காத படத்துக்குச் சரித்திரம் உண்டா என்று நண்பர்கள் கேட்கலாம். உண்டு என்றே எனக்குப் படுகிறது. வடசேரியில் ஒரு சாயக்கடை பெஞ்சில் அந்தப் படத்தைப் பற்றி ஏறத்தாழ ஒன்பது வருஷம் விவாதம் நடந்தது. நான் அதில் கலந்துகொண்டதில்லை. ஓரத்தில் உட்கார்ந்து கேட்டேன். இன்னும் சரியாகச் சொன்னால், கேட்டுச் சிரித்தேன்.

முதல் படத்தின் கதையை நினைவூட்டிக்கொள்வது அவசியம். மின்னலின் ஆற்றலைப் பிடித்துச் சேமிக்கும் வழியைக் கண்டுபிடித்த விஞ்ஞானி முருகன், அது உலக யுத்தத்துக்குப் பயன்பட்டுவிடும் என்று அஞ்சி, விஞ்ஞானிகள் கூடிய சபையில் தன் குறிப்புகளை எரித்துவிடுகிறார். எரிந்தவை அசல் குறிப்புகள் அல்ல என்று சந்தேகிக்கும் பைரவன் அவரைத் துரத்துகிறான். பைரவனாக வந்தவர் அசோகன். காணாமற் போன அண்ணனைத் தேடித் துப்பறியும் அதிகாரியான தம்பி ராஜு புறப்படுகிறார். அண்ணன், தம்பி இருவருமே எம்.ஜி.ஆர். டைரக்‌ஷனும் அவருடையதே. 1970இல் ஜப்பானின் ஒசாகா நகரில் நடந்த உலகக் கண்காட்சியை ஆறு கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். அதைத் தமிழ்நாட்டுக்காரன் பார்த்தது இந்தப் படத்தின் மூலமாகத்தான். அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1963இல், வேற்றுக் கிரகத்து ஆசாமிகள் வந்துபோன 'கலை அரசி'யில் எம்.ஜி.ஆர். நடித்திருந்தார். ஆக, விஞ்ஞானக் கதை என்று நாம் பெயர் சூட்டிக்கொள்வதற்கு முன்னரே அது வெகுஜன சினிமாவில் ஏதோ ஒரு வடிவில் புழங்கிக்கொண்டிருந்தது.

படப்பிடிப்புக்கும் வெளியீட்டுக்கும் இடையில் மூன்று வருஷம் போயிற்று. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டுத் தனிக் கட்சி தொடங்கினார். படம் வந்து ஒன்பது நாட்களில், மே 20ஆம் தேதி, திண்டுக்கல் இடைத்தேர்தல். மாயத்தேவர் ஜெயித்தார். படம் ஓடியதா, கட்சி ஓடியதா என்று பிரித்துச் சொல்ல முடியாத மாதம் அது. நாகர்கோவிலின் நிலைமை சற்று வேறு. அப்போது எங்கள் பாராளுமன்ற உறுப்பினர் காமராஜ். பெஞ்சின் மூத்த அங்கத்தினரான வடசேரி நெசவாளி ஒருவர் தம்முடைய நிலையை ஒரே வரியில் சொல்லிவிடுவார்: "ஓட்டு காமராஜுக்கு, டிக்கெட்டு எம்.ஜி.ஆருக்கு."

படத்தின் முடிவில் அடுத்த படத்தை அறிவிப்பது விளம்பரத் தந்திரம் என்று நாங்கள் சொல்வோம். நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு அது பழகிய விஷயம். தோல்பாவைக் கூத்தில் ராமாயணம் பல இரவுகள் நடக்கும். ஓர் இரவு முடியும்போதே நாளை இன்ன கதை என்று சொல்லித்தான் ஜனங்களை அனுப்புவார்கள். நாளைய கதை எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனாலும் நாளைக்கு வருவார்கள். நெசவாளியின் நம்பிக்கை இந்த வழியில் வந்தது. "கன்னிப்பூ அறுத்தாச்சுன்னா கும்பப்பூ வராமலா போகும் ஓய்? ஆளு எடுப்பாரு."

ஆனால் ராஜுவின் கதை ஒருவருக்கும் தெரியாது. விவாதம் அங்கேதான் பிறந்தது. தலைப்பிலிருந்த இரண்டு சொற்களைத் தவிர ஆதாரம் கிடையாது. ஆகவே இரண்டு சொற்களையும் பிய்த்துப் பிய்த்துப் பார்த்தார்கள்.

முதல் சொல் கிழக்கு ஆப்பிரிக்கா. 1972 ஆகஸ்டில் உகாண்டாவின் இடி அமீன், அங்கிருந்த ஆசியர்களை 90 நாட்களுக்குள் வெளியேறச் சொல்லியிருந்தார். தினசரியில் வந்த அந்தச் செய்தி பெஞ்சில் பதிந்திருந்தது. வில்லன் இடி அமீன்தான் என்பது ஒரு கட்சி. அந்த வேஷத்துக்கு அசோகனா மனோகரா என்று அதற்குள் ஓர் உட்கட்சி. 1974இல் ஹெய்லி செலாஸி பதவி இழந்த பிறகு, எத்தியோப்பியாவில் வாத்தியார் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவர் பெஞ்சுக்கு வந்து சேர்ந்தார். இவர்களுடைய ஆப்பிரிக்காவைக் கேட்டு அவர் பொறுமை இழந்தார். "காடும் சிங்கமும்தான் தெரியுமா ஓய் உமக்கு? அங்க உள்ளவனுக்குச் சொந்த எழுத்து இருக்கு, ஆயிர வருஷத்துக் கோயில் இருக்கு. இவரு போயி இறங்கினா அவன் நம்மளப் பத்தி என்ன நினைப்பான்னு யோசிச்சேளா?" அதன் பிறகு மாலைகளில் சினிமாப் பேச்சு நின்று எத்தியோப்பியப் பேச்சு நடப்பதுண்டு. காப்பிச் செடி அந்த நாட்டுச் செடி என்று நான் அறிந்தது அந்தப் பெஞ்சில்தான்; கல்லூரியில் அல்ல.

இரண்டாவது சொல் ராஜு. இங்கே விவாதம் ஆழமாக இருந்தது என்பதை இவ்வளவு காலம் கழித்து ஒப்புக்கொள்கிறேன். கடற்கரையிலிருந்து வரும் இளைஞன் ஒருவன். கட்டுமரத்தில் போகிற குடும்பம். வடசேரிச் சந்தையில் அவனுக்கு ஏதோ ஜோலி. ஒரு நாள் கேட்டான்: "அண்ணாச்சி, படத்துக்கு ராஜுன்னுல்லா பேரு வச்சிருக்காரு. அப்போ முருகன் எங்க போனாரு?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. முதல் பாகம் விஞ்ஞானியைத் தேடும் கதை. இரண்டாம் பாகத்தின் தலைப்பில் தேடியவர் நிற்கிறார், கண்டுபிடித்தவர் இல்லை. மின்னல் என்ன ஆயிற்று என்ற கேள்வியைப் படமே கைவிட்டுவிட்டது என்று அந்த இளைஞன் இரண்டு சொற்களிலிருந்து கண்டுகொண்டான். தமிழ் சினிமாவில் விஞ்ஞானக் கதைக்கு நேர்கிற கதியைப் பற்றி இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் படித்ததில்லை. ஆய்வுக்கூடத்தில் ஆரம்பிக்கும், துரத்தலில் முடியும், அடுத்த பாகத்துக்குப் போகும்போது ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிட்டுப் போகும்.

மின்னலில் அவனுக்கு இருந்த அக்கறை ரசிகனின் அக்கறை மட்டும் அல்ல. மற்றவர்களுக்கு அது மின்வெட்டுக் காலத்துப் பேச்சு. ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் பொத்தானை அழுத்தினால் இட்லி வந்து விழும் என்று பாடிவிட்டுப் போனாரே, அதன் நீட்சி. எத்தியோப்பியா வாத்தியார் ஒரு முறை கணக்குச் சொல்லி எல்லோரையும் சோர்வடையச் செய்தார். கணக்கு இதுதான்: ஒரு மின்னலின் ஆற்றல் உத்தேசமாக 100 கோடி ஜூல். வீட்டு மீட்டரில் ஏறத்தாழ 280 யூனிட். அதிலும் பெரும்பகுதி வெப்பமாகவும் ஒளியாகவும் சத்தமாகவும் காற்றிலேயே கரைந்துவிடும். முழுவதையும் பிடித்தாலும் ஒரு வீட்டுக்கு ஓரிரண்டு மாசம் காணும். இதற்கா உலக யுத்தம்? இளைஞன் அந்தக் கணக்கை மதிக்கவில்லை. "கடல்ல நிக்கும்போது மின்னிச்சுன்னா ஒளிய எடமில்ல சார். அதப் பிடிச்சுப் பெட்டிக்குள்ள போட்டா போதும். வெளக்கு எரியாண்டாம்."

மெல்ல மெல்ல அவன் ஒரு கதையைச் சொல்ல ஆரம்பித்தான். ஆப்பிரிக்காவில் கடல்போன்ற ஏரி ஒன்று இருப்பதாக வாத்தியாரிடம் கேட்டுக்கொண்டான். முருகன் மின்னலை ஒளித்து வைத்திருப்பது அந்த ஏரியின் அடியில். காவல் அந்த ஏரியின் மீன்பிடிப்பவர்கள். ராஜு போய்ச் சேரும்போது அவர்கள் தர மறுக்கிறார்கள். எம்.ஜி.ஆருக்கு ஒரு பொருளைத் தர மறுக்கும் ஏழைகள்! பெஞ்சு கொந்தளித்தது. அவன் விட்டுக்கொடுக்கவில்லை. மாசக்கணக்கில் அந்தச் சண்டை நடந்தது. நான் சிரித்தேன். விக்டோரியா ஏரி உலகில் மின்னல் மிகுந்த இடங்களுள் ஒன்று என்பதையும், இரவுநேர இடிமழை அங்கே மீனவர்களின் உயிரைக் குடித்துக்கொண்டிருப்பதையும் நான் படித்தது எத்தனையோ வருஷம் கழித்து.

ஏன் சிரித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் எங்கள் சிறு வட்டத்துக்கு எம்.ஜி.ஆர். சினிமா என்பது பிரஸ்தாபிக்கத் தகுதியற்றது. ரசனைச் சீரழிவு என்று ஒரு பதம் கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு எதையும் கேட்காமலே தாண்டிப் போய்விட முடிந்தது. படம் மோசமானது என்ற எங்கள் தீர்ப்பை நான் இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. மோசமான படத்தைப் பற்றிப் பேசுகிறவர்களின் பேச்சும் மோசமாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டியதுதான் பிழை. அன்று பெஞ்சில் நடந்தது விமர்சனம். தலைப்பைப் பிரதியாக வைத்துக்கொண்டு, ஆதாரமும் எதிர்வாதமுமாக நடந்த விமர்சனம். அதே சமயம் எங்கள் பத்திரிகைகளில் நாங்கள் ஒருவரை ஒருவர் வசைபாடிக்கொண்டிருந்தோம்.

1977 ஜூன் 30ஆம் தேதி எம்.ஜி.ஆர். முதலமைச்சரானார். 1978 ஜனவரியில் 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' வந்தது. அதோடு நடிப்பு நின்றது. பெஞ்சில் பாதிப் பேர் இனி ராஜு இல்லை என்றார்கள். நெசவாளி மட்டும், கோட்டையில் உட்கார்ந்திருப்பதே ராஜுதான், படம்தான் பெரிசாகிவிட்டது என்றார். நாட்டுக்கு உதவும் ரகசியம் ஒரு நல்ல மனிதரிடம் பத்திரமாக இருக்கிறது, நேரம் வரும்போது அவர் தருவார். முதல் படத்தின் இந்த நம்பிக்கை அரசியலிலும் தொடர்ந்ததை அவர் அறியாமலே சொல்லிவிட்டார். தர மறுக்கும் மீனவர்களைப் பற்றிய கதை ஏன் அவர்களை அவ்வளவு கோபப்படுத்தியது என்பது எனக்கு இப்போது விளங்குகிறது.

1982 மார்ச் 1ஆம் தேதி மண்டைக்காட்டில் கலவரம் தொடங்கியது. துப்பாக்கிச் சூடு நடந்தது. கடற்கரை ஊர்களுக்கும் உள்நாட்டு ஊர்களுக்கும் இடையே வெட்டும் தீயும் பரவின. நீதிபதி வேணுகோபால் ஆணையம் வந்தது. குன்றக்குடி அடிகளார் சமாதானம் பேச வந்தார். எல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. எழுதப்படாதது, கடற்கரை இளைஞன் அதற்குப் பிறகு வடசேரிக்கு வரவில்லை என்பது. பெஞ்சில் எவரும் அவனைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் எந்தப் பக்கம் நின்று கேட்கிறோம் என்று ஆகிவிடும். ராஜுவைப் பற்றிய பேச்சும் அத்தோடு நின்றது. படம் வராதது அந்த விவாதத்தை முடிக்கவில்லை. சொல்லப்போனால் அதுதான் வளர்த்தது. உட்கார்ந்து காத்திருப்பதற்கு ஒரு பொது இடம் இல்லாமல் போனதும் விவாதம் முடிந்தது.

மற்ற தொடர்ச்சிகள் வந்தன. எங்கள் கடலுக்கு அக்கரையில் கொழும்பில் இருந்துகொண்டு ஆர்தர் கிளார்க், 1968இல் வந்த '2001'க்குத் தொடர்ச்சியை 1982இல் எழுதினார். 1984இல் அது படமாயிற்று. முதல் படம் சொல்லாமல் விட்டதையெல்லாம் இரண்டாவது விளக்கிற்று, விளக்கியதாலேயே சிறுத்தது. 1985இல் 'ஜப்பானில் கல்யாணராமன்' வந்தது. ராஜுவின் தலைப்பு மாதிரியே தலைப்பு. மறுபடியும் ஜப்பான், மறுபடியும் ஓர் உலகக் கண்காட்சி. 1987 டிசம்பர் 24ஆம் தேதி எம்.ஜி.ஆர். காலமானார்.

2018ஆம் வருஷம் இரண்டும் சேர்ந்தாற்போல் வந்தன. ஜனவரி 17இல், எம்.ஜி.ஆரின் பிறந்த நாளன்று, 'கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு' என்ற அதே பெயரில் ஓர் அனிமேஷன் படத்தை ஐசரி கணேஷ் தொடங்கினார். ரஜினிகாந்தும் கமல்ஹாசனும் விழாவுக்கு வந்தார்கள். நவம்பர் 29இல் '2.0' வெளியாயிற்று. 2010இல் வந்த 'எந்திர'னுக்குத் தொடர்ச்சி. கிராஃபிக்ஸ் வேலை முடியாமல் தேதி தள்ளித் தள்ளிப் போய், எட்டு வருஷம் கழித்து வந்தது. முதல் படத்துக்கு உழைத்த சுஜாதா அது வெளிவருமுன்பே இறந்துவிட்டார். இரண்டாவதின் எழுத்தில் எங்கள் மாவட்டத்து ஜெயமோகனுக்குப் பங்கு உண்டு. உறவுக்காரப் பையன்கள் அந்த எட்டு வருஷமும் வாதித்துக்கொண்டிருந்தார்கள். இந்த முறை சிரிக்காமல் கேட்டேன். அவர்களுக்கு வேண்டியிருந்தது சிட்டி என்ற இயந்திரம் எப்படித் திரும்பி வரும் என்பது. அதைச் செய்த விஞ்ஞானி வசீகரனைப் பற்றி ஒருவனும் கேட்கவில்லை. முருகன் எங்கே போனார் என்ற கேள்விக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

சாயக்கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. நெசவாளியும் வாத்தியாரும் இல்லை. கடற்கரை இளைஞன் இருந்தால் என் வயதுதான் இருக்கும். ஏரியடியில் கிடக்கும் மின்னலை மீனவர்கள் கடைசியில் ராஜுவிடம் கொடுத்தார்களா, தாங்களே வைத்துக்கொண்டார்களா என்பதை அவன் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.