அங்குலம் அங்குலமாக உயர்ந்த ஜீப்: அமெரிக்கக் கரட்டுப்பாதை வண்டிகளின் சஸ்பென்ஷன் வரலாறு

1941 முதல் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் செய்து கொடுத்த ஜீப்பில் முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங்குகள்தான் இருந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள், அவற்றை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட்டுகள், பட்டை வளைந்து நீளும்போது இடம்கொடுக்கும் ஷாக்கிள் என்ற சிறிய இணைப்பு. அமைப்பு அவ்வளவுதான். பட்டை ஸ்பிரிங் வண்டியின் எடையைத் தாங்குவதோடு, ஆக்சில் முன்னே பின்னே நகராமல் பிடித்தும் வைக்கிறது. போர்முனையில் பழுதுபார்க்க இதைவிட எளிய அமைப்பு கிடையாது. சவாரிதான் கடினம். கால் டன் பாரத்துக்காகக் கணக்கிட்ட பட்டைகள், இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து போகும்போது வளையவே மறுத்தன. முன் பின் சக்கரங்களுக்கு இடையே 80 அங்குலமே இருந்ததால் குலுக்கல் இன்னும் கூடியது.

போர் முடிந்ததும் ராணுவத்தின் உபரி ஜீப்புகள் பொதுமக்கள் கைக்கு வந்தன. 1945-இல் வில்லிஸ் நிறுவனமே சிஜே-2ஏ என்ற குடிமக்கள் ஜீப்பை விற்கத் தொடங்கியது. பம்பாயில் மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் ஒன்றுசேர்க்கத் தொடங்கிய ஜீப்பும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. நம் மலைச்சாலைகளில் பல தலைமுறை ஓடிய ஜீப்புகளின் குலுக்கலுக்கு மூலம் அங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் விவசாயிகளும் சுரங்கக்காரர்களும் வேட்டைக்காரர்களும் அதை வேலைக்கு வாங்கினார்கள். மேற்கு மாநிலங்களில் பொழுதுபோக்குக்கு வாங்கியவர்களும் இருந்தார்கள். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் பாறைகள் மண்டிக் கிடக்கும் ரூபிகான் தடத்தில் 1953 ஆகஸ்டில் முதல் ‘ஜீப்பர்ஸ் ஜம்போரி’ கூட்டுப்பயணம் நடந்தது. தொழிற்சாலை எதிர்பாராத வேலைகளை வண்டியிடம் கேட்கத் தொடங்கியவர்கள் இவர்கள். வெளிச்சந்தை உதிரிபாகத் தொழிலைப் பிறப்பித்ததும் இவர்கள்தான்.

அந்தச் சந்தையின் தொடக்கம் சஸ்பென்ஷனில் இல்லை. உபரி ஜீப்பைச் சாதாரணச் சாலையில் ஓட்டும்போது முன் ஆக்சில் வீணாகச் சுழன்றது. அதைத் தடுக்கும் பூட்டு ஹப்புகளை ஆர்தர் வார்ன் 1948-இல் சியாட்டிலில் செய்து விற்றார். அடுத்து மாறியவை டயர்கள். 1960களில் கலிபோர்னியாவின் டிக் செபெக், மணலில் புதையாத அகலமான பெரிய டயர்களைக் கரட்டுப்பாதைக்காரர்களுக்கு விற்றுப் பெயர் பெற்றார். சஸ்பென்ஷன் வரலாற்றில் இந்த டயர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பட்டை ஸ்பிரிங்கை உயர்த்தினால் உடலும் சேசிஸும் மேலே போகுமே தவிர, ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கும். பாறையில் முதலில் இடிப்பதோ ஆக்சிலின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல். அதை உயர்த்தப் பெரிய டயர் ஒன்றே வழி. பெரிய டயரைப் போட்டால் மட்கார்டில் உரசும். உரசாமல் இருக்க உடலை உயர்த்த வேண்டும். ஆகவே தொடக்ககால லிஃப்ட் என்பது டயருக்கு இடம்கொடுக்கும் வேலையாகவே இருந்தது. வண்டி உயரமாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை பின்னால்தான் வந்தது. இந்த வரிசையை மறந்ததால் பல வண்டிகள் கெட்டிருக்கின்றன.

உயர்த்துவதற்கு அன்று கிடைத்த வழிகள் மலிவானவை. ஷாக்கிளை நீளமாக்குவது அவற்றில் எளியது. 2 அங்குலம் நீளம் கூட்டினால் வண்டி 1 அங்குலம் உயரும், ஏனென்றால் ஸ்பிரிங்கின் ஒரு முனை மட்டுமே நகர்கிறது. சிக்கலும் அங்கேயே தொடங்கியது. பழைய சிஜே ஜீப்புகளில் முன் ஸ்பிரிங்கின் ஷாக்கிள் வண்டியின் முன்முனையில் இருந்தது. அதை நீட்டியதும் ஸ்பிரிங் சாய்ந்தது, அதோடு ஆக்சிலும் முன்பக்கமாகத் திரும்பியது. சக்கரத்தின் திருப்பு அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணமே ஸ்டியரிங்கைத் தானாக நேர்நிலைக்குக் கொண்டுவருகிறது. அந்தக் கோணம் குறைந்ததும் வண்டி நெடுஞ்சாலையில் ஒரு கோட்டில் நிற்காமல் அலைந்தது. பின் ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே இரும்புக் கட்டை வைப்பது இன்னொரு வழி. பின்னால் அதை ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். முன்னால் வைத்தவர்கள் உயிரோடு விளையாடினார்கள்: பிரேக் பிடிக்கும் விசையும் ஸ்டியரிங் விசையும் அந்தக் கட்டையைப் பிடுங்கியெறியப் பார்க்கும். ஸ்பிரிங் அடுக்கில் கூடுதலாக ஒரு பட்டையைச் செருகுவது மூன்றாவது வழி. உயரம் கிடைக்கும், ஆனால் ஏற்கெனவே கடினமான ஸ்பிரிங் மேலும் விறைத்துப்போகும்.

துணிந்தவர்கள் ஆக்சிலையே இடம் மாற்றினார்கள். சிஜே ஜீப்பில் ஸ்பிரிங் ஆக்சிலுக்குக் கீழே செல்லும். அதை மேலே கொண்டுபோனால் ஒரே வேலையில் ஏறக்குறைய 5 அங்குலம் உயரும், அதுவும் மேலும் விறைக்காத பழைய பட்டைகளைக் கொண்டே. பாறைத்தடங்களில் இதற்கு இன்றும் மதிப்பு உண்டு. ஆனால் இதைச் செய்ய ஸ்பிரிங் அமரும் தளங்களை ஆக்சில் குழாயின் மேல் புதிதாக வெல்டிங் செய்ய வேண்டும். ஸ்டியரிங் கம்பிகள் ஸ்பிரிங்கில் இடிக்காதபடி மேலே ஏற்ற வேண்டும். இன்ஜினின் திருப்புவிசை இறங்கும்போது ஆக்சில் தன்னையே சுழற்றிக்கொள்ளப் பார்க்கும். பட்டைகள் எஸ் வடிவில் நெளியும், டிரைவ் ஷாஃப்டின் மூட்டுகள் முறியும். இதைத் தடுக்க ஆக்சிலிலிருந்து சேசிஸுக்கு ஒரு தடுப்புக்கம்பி தேவைப்பட்டது. ஓர் உறுப்பை மாற்றினால் அதன் தொடர்பாக இன்னும் நான்கை மாற்ற வேண்டும் என்பதைப் பட்டறைகள் இப்படித்தான், உடைந்த மூட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு கற்றன.

பாறைத்தடம் சொல்லித்தந்தது உயரத்தையும் கோணத்தையும் பற்றி. ஷாக் அப்சார்பரைப் பற்றிச் சொல்லித்தந்தது பாலைவனம். மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா தீபகற்பத்தில் 1967 அக்டோபர் 31-இல் முதல் ‘மெக்சிகன் 1000’ பந்தயம் திஹுவானாவில் தொடங்கியது. லா பாஸ் வரை 1,350 கிலோமீட்டருக்கும் மேல் தூரம். விக் வில்சனும் டெட் மாங்கல்ஸும் 27 மணி 38 நிமிடத்தில் ஓட்டி வென்றது ஜீப்பில் அல்ல. ஃபோக்ஸ்வாகன் உறுப்புகளின் மேல் ஃபைபர் கிளாஸ் உடல் ஏற்றிய மெயர்ஸ் மாங்ஸ் என்ற இலகுவான பக்கியில். கனமான வண்டிகளுக்கு அந்தப் பாதை வேறொரு பாடம் வைத்திருந்தது.

ஸ்பிரிங் அமுங்கி விரியும்போது எழும் அசைவை ஷாக் அப்சார்பர் எண்ணெயைச் சிறு துளைகள் வழியே தள்ளி அடக்குகிறது. அடக்கிய ஆற்றல் முழுவதும் வெப்பமாகிறது. நகரச் சாலையில் அந்த வெப்பம் பொருட்டில்லை. மணிக்கணக்கில் பள்ளமும் மேடுமாகப் பறக்கும் வண்டியில் எண்ணெய் கொதிநிலை நோக்கிப் போகும். இரட்டைக் குழாய் ஷாக்கில் எண்ணெயும் காற்றும் கலந்து நுரைக்கும். நுரை துளைக்குள் தடையின்றி ஓடிவிடுவதால் ஷாக் இருந்தும் இல்லாததுபோல் ஆகி, சக்கரம் கட்டுப்பாடின்றித் துள்ளும். பந்தயக்காரர்கள் முதலில் எண்ணிக்கையைக் கூட்டினார்கள்: ஒரு சக்கரத்துக்கு இரண்டு, மூன்று ஷாக்குகள். பின்னர் பாஹா 1000 என்று பெயர்பெற்ற அதே பந்தயத்தை 1971, 1972 ஆண்டுகளில் தொடர்ந்து வென்றவர் பார்னெல்லி ஜோன்ஸ். ‘பிக் ஓலி’ என்று அழைக்கப்பட்ட அவரது ஃபோர்டு பிராங்கோ பெயருக்குத்தான் பிராங்கோ; பில் ஸ்ட்ராப்பின் பட்டறையில் குழாய்ச் சட்டத்தின் மேல் புதிதாக எழுப்பிய வண்டி அது. கடைகளில் கிடைத்த உறுப்புகளால் ஆகாது என்று தெரிந்தபின் முழு வண்டியையும் திரும்ப யோசித்த தலைமுறை அது.

நுரைக்குத் தீர்வு ஐரோப்பாவில் முன்பே இருந்தது. பிரெஞ்சுப் பொறியாளர் கிறிஸ்டியன் தெ கார்போன் உருவாக்கிய ஒற்றைக் குழாய் ஷாக்கில், மிதக்கும் பிஸ்டன் ஒன்று எண்ணெயையும் உயர் அழுத்த நைட்ரஜனையும் பிரித்து வைத்தது. காற்று கலக்க வழியில்லை. அழுத்தத்தில் இருக்கும் எண்ணெய் எளிதில் குமிழ் விடுவதும் இல்லை. குழாயின் வெளிச்சுவரே காற்றில் படுவதால் வெப்பமும் விரைவாக வெளியேறும். ஜெர்மனியின் பில்ஸ்டைன் 1950களில் இதை மெர்சிடிஸ் கார்களுக்குச் செய்து கொடுத்தது. மோட்டோகிராஸ் பந்தய பைக்குகளின் ஷாக்கிலிருந்து தொடங்கிய பாப் ஃபாக்ஸின் நிறுவனம் 1974-இல் பிறந்தது. எண்ணெயின் அளவைக் கூட்டத் தனிக் குப்பியைக் குழாயால் இணைத்த ஷாக்குகளும், குழாயின் வெளியே வால்வுகள் வைத்து அசைவின் ஒவ்வொரு பகுதிக்கும் வேறு தடை தரும் பைபாஸ் ஷாக்குகளும் பாலைவனப் பந்தயத்தில் இடம்பிடித்தன. இன்று கடையில் வாங்கும் ‘ரிசர்வாயர் ஷாக்’ அந்தப் பரம்பரையில் வந்தது. வார இறுதியில் மெதுவாகப் பாறை ஏறுபவருக்கு அது தேவையா என்பது வேறு கேள்வி. அவருடைய எண்ணெய் அந்த அளவு சூடாவதே இல்லை.

1970களிலும் 80களிலும் தொழிலின் வடிவம் மாறியது. ஷாக்கிள், கட்டை, பட்டை என்று தனித்தனியாக விற்றவர்கள், ஸ்பிரிங், அதன் நீளத்துக்கு ஏற்ற ஷாக், யூ போல்ட்டுகள், நீண்ட பிரேக் ஹோஸ், ஸ்டியரிங் கை ஆகியவற்றை ஒரே பெட்டியில் போட்டு ‘லிஃப்ட் கிட்’ என்று விற்றார்கள். இந்த வரலாற்றில் உண்மையான கண்டுபிடிப்பு அந்தப் பெட்டிதான். எந்த ஷாக் எந்த ஸ்பிரிங்குக்கு என்று வாங்குபவர் ஊகிக்க வேண்டியதில்லை. 1975-இல் வந்த மாக்னசன்-மாஸ் சட்டமும் வாங்குபவருக்கு உதவியது: வெளி உதிரிபாகம் போட்டிருக்கிறார் என்ற ஒரே காரணத்தால் வாரண்டி முழுவதையும் மறுக்க முடியாது என்றது அது. மறுபக்கம் 1980-இல் சிஜே-5 கவிழும் அபாயம் தொலைக்காட்சிச் செய்தியாகி நாடெங்கும் பேசப்பட்டது. உயரம் கூடினால் ஈர்ப்பு மையமும் மேலே போகும்; பல மாநிலங்கள் பம்பரின் உயரத்துக்கோ சேசிஸின் உயரத்துக்கோ வரம்பு விதித்தன. 1987 மாடலாக வந்த ராங்ளர் ஒய்ஜே, சிஜே-வைவிடத் தாழ்வாகவும் அகலமான பட்டைகளோடும் இருந்தது.

பட்டையிலிருந்து சுருளுக்கு மாறியது அடுத்த திருப்பம். ஃபோர்டு பிராங்கோ 1966-இலேயே முன்னால் சுருள் ஸ்பிரிங் வைத்திருந்தது. 1970-இல் பிரிட்டனின் ரேஞ்ச் ரோவர் நான்கு சக்கரங்களுக்கும் வைத்தது. ஜீப் 1984-இல் செரோக்கியின் முன்பக்கத்திலும் 1997 மாடல் ராங்ளர் டிஜே-யில் நான்கு சக்கரங்களிலும் வைத்தது. சவாரி மென்மையானது, சக்கரங்கள் மேலும் கீழும் அதிகம் அசைந்தன. ஆனால் சுருளுக்கு எடை தாங்க மட்டுமே தெரியும். ஆக்சிலைப் பிடித்து வைக்கத் தனிக் கைகளும், பக்கவாட்டில் நகராமலிருக்க டிராக் பாரும் தேவை. 2 அங்குலத்துக்குள் உயர்த்தினால் பெரிய தொந்தரவில்லை. 4 அங்குலத்தைத் தாண்டினால் டிஜே-யின் குட்டையான கைகள் அதிகமாகச் சாய்ந்து, பள்ளத்தில் இறங்கும் சக்கரத்தின் அதிர்வை நேரே சேசிஸுக்குத் தள்ளும். டிராக் பார் ஆக்சிலை ஒருபக்கம் இழுத்துவிடும். டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து இறங்கும் சிறிய பின் டிரைவ் ஷாஃப்ட் கோணம் மிகுந்து அதிரும். நீண்ட கைகள், நீளம் மாற்றக்கூடிய டிராக் பார், டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு வழுக்கு இணைப்பை நீக்கிய புதிய வெளித்தண்டு, இரட்டை மூட்டு ஷாஃப்ட் என்று கிட்டுகள் கனத்தன. முன் சக்கரங்கள் திடீரெனக் கட்டுக்கடங்காமல் ஆடும் கோளாறும் இந்தத் திட ஆக்சில் வண்டிகளுக்கே உரியது. அதற்கு ஸ்டியரிங் டாம்பரை மட்டும் மாற்றுவது மூடிமறைப்பதே. தளர்ந்த டிராக் பார் போல்ட்டையும் தேய்ந்த பால் ஜாயிண்டையும் முதலில் பார்க்க வேண்டும்.

வளைந்துகொடுக்கும் திறனை அளக்கவும் இக்காலத்தில் வழி வந்தது. 20 டிகிரி சரிவில் ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஏற்றி, மற்றொரு சக்கரம் தரையை விடும் வரை எவ்வளவு தூரம் ஏறியது என்று பார்த்து, அதை முன் பின் சக்கர இடைத்தூரத்தால் வகுத்து 1000-ஆல் பெருக்குவார்கள். சக்கரம் தரையில் இருக்கும்வரைதான் அதற்குப் பிடிப்பு என்பதை இந்த எண் பேச்சுவழக்காக்கியது.

பொருத்தும் முறையும் அனுபவத்தில் திருந்தியது. கிட்டோடு வரும் தாள்களில் முதலில் கேட்பது எடை: வின்ச், இரும்பு பம்பர், கூரைமேல் சாமான் எவ்வளவு? அந்த எடையை எப்போதும் சுமக்கும் வண்டிக்கு மட்டுமே கடினமான ஸ்பிரிங் ஏற்றது. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, வண்டி ஜாக்கில் தொங்கும்போது முழுமையாக இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் இறங்கி எடை அமர்ந்தபின்தான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். யூ போல்ட்டுகள் ஒருமுறை இறுக்கும்போதே நீண்டுவிடுவதால் பழையவை திரும்பப் பயன்படா; புதியவற்றையும் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி இறுக்க வேண்டும். சக்கரம் முழுவதும் கீழிறங்கும்போது பிரேக் ஹோஸ் விறைக்கிறதா, மேலேறும்போது ஷாக் அடிமுட்டுமுன் ரப்பர் தடுப்பு தாங்குகிறதா என்று இரு முனைகளிலும் பார்த்த பிறகே வேலை முடியும். சுருள் ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றும் கருவி நழுவினால் உயிரைப் பறிக்கும் என்பதால் அந்த வேலையைப் பட்டறையிடம் விடுவோர் பலர்.

தொழிற்சாலைகளும் கவனித்துக்கொண்டே இருந்தன. 2003-இல் ஜீப் ரூபிகான் மாடலையும், 2007-இல், வளைவில் உடல் சாய்வதைக் குறைக்கும் முன் ஸ்வே பாரை ஒரு பொத்தானால் துண்டிக்கும் வசதியையும் தந்தது. 2010 மாடல் ஃபோர்டு ராப்டர் ஃபாக்ஸின் பைபாஸ் ஷாக்குகளோடு ஷோரூமிலிருந்தே வந்தது. புதிய ராங்ளருக்கு ஜீப்பே 2 அங்குல லிஃப்ட் கிட் விற்கிறது, அதிலும் ஃபாக்ஸ் ஷாக்குகள். அமெரிக்காவில் 2012 மாடல் முதல் இலகு வண்டிகள் அனைத்திலும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு கட்டாயம். ஸ்டியரிங் கோணத்தையும் வண்டி திரும்பும் வேகத்தையும் ஒப்பிட்டு, தேவைப்பட்டால் தனிச் சக்கரத்துக்குப் பிரேக் போடும் அந்த அமைப்பு, தொழிற்சாலை உயரத்துக்கும் டயருக்கும் ஏற்ப அளவிடப்பட்டது. ஆகவே கிட் செய்பவர்கள் தங்கள் உயர்த்தலுக்குப் பிறகும் அது சரியாக வேலை செய்கிறதா என்று ஓட்டிச் சோதிக்கிறார்கள். பட்டறையில் வீல் அலைன்மென்ட்டுக்குப் பின் ஸ்டியரிங் கோண உணரியை மறுஅமைவு செய்வதும், மேலே தூக்கிய ஹெட்லைட்டைத் தாழ்த்துவதும், கேமரா உள்ள வண்டிகளில் அதன் பார்வைக்கோணத்தைத் திருத்துவதும் இப்போது பொருத்தும் வேலையின் பகுதி.