சுருட்டின் வடிவமும் சுவையின் வரலாறும்

திருச்சிராப்பள்ளிச் சுருட்டைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டு பெயர்களைச் சொல்லி நிறுத்திவிடுவர். ஒருவர் வின்ஸ்டன் சர்ச்சில். மற்றவர் கற்பனை மாந்தரான ஷெர்லாக் ஹோம்ஸ். 1887இல் வெளிவந்த ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’ புதினத்தில், கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலின் கருமையையும் ஏடேடாக உதிரும் தன்மையையும் கொண்டு அது திருச்சிச் சுருட்டு என்று ஹோம்ஸ் கண்டறிகிறார். சாம்பல் இலையைப் பற்றிச் சொல்லும்; சுருட்டு எவ்வடிவில் இருந்தது என்பதைச் சொல்லாது. சுருட்டின் சுவையை மண்ணும் இலையும் மட்டும் தீர்மானிக்கவில்லை. வடிவமும் சேர்ந்தே தீர்மானித்தது. அவ்வடிவம் உழைப்பும் விலையும் பழக்கமும் சேர்ந்து உருவாக்கியது. ஆகவே அதை ஒரு வரலாற்றுச் சான்றாக வாசிக்க இயலும் என்பதே இப்பதிவின் வாதம்.

முதலில் சொல். ஸ்பானிய ‘சிகாரோ’, புகைத்தலைக் குறிக்கும் மாயன் மொழிச் சொல்லிலிருந்து வந்தது என்று பலர் கருதுவர். ஆங்கிலத்தின் ‘செரூட்’ தமிழ்ச் ‘சுருட்டு’ என்பதிலிருந்து வந்தது என்பதை 1886இல் வெளியான யூல், பர்னெல் ஆகியோரின் ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி பதிவு செய்துள்ளது. போர்த்துக்கீசியரின் ‘சருட்டோ’வும் இதே வழியினது, பிரேசிலில் இன்றும் சுருட்டுக்கு அதுவே பெயர். தமிழும் மலையாளமும் அன்றாடம் கலந்து ஒலிக்கும் திருவனந்தபுரத்தில் இச்சொல்லுக்கு விளக்கம் வேண்டியதில்லை. இரு மொழியிலும் அது சுருட்டுதல் என்னும் வினையின் பெயர். தெலுங்கின் ‘சுட்ட’ என்பதும் நம் ‘சுற்று’ என்பதற்கு இனமான வினையிலிருந்து பிறந்ததே. நம் மொழிகள் இப்பொருளுக்குச் செடியின் பெயரையோ புகையின் பெயரையோ இடவில்லை; கை செய்த வேலையின் பெயரை இட்டன.

அவ்வேலை சுவையை எவ்வாறு மாற்றுகிறது? சுருட்டின் தடிமனை அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு என்னும் அலகால் அளப்பது உலக வழக்கு. 32 என்றால் அரை அங்குலம். 48 என்றால் முக்கால் அங்குலம். விட்டம் அரையிலிருந்து முக்காலாக உயரும்போது சுற்றளவு ஒன்றரை மடங்காகிறது. உட்பரப்போ இரண்டேகால் மடங்காகிறது. அதாவது, உள்ளே நிரப்பிய இலையோடு ஒப்பிட, மேலே சுற்றிய உறையிலையின் பங்கு மூன்றில் ஒரு பகுதி குறைகிறது. எனவே மெல்லிய சுருட்டில் உறையிலையின் சுவை மேலோங்கும். தடித்த சுருட்டில் உள்ளிலைகளின் கலவை மேலோங்கும். மெல்லியது விரைந்தும் சூடாகவும் எரியும். நீளம் மிகுந்தால் புகை வாயை அடையுமுன் ஆறும். வழியில் எரியாத இலையில் படிந்த பொருள்கள் மீண்டும் எரிவதால் கடைசிப் பகுதி காரமேறும். முனை குவிந்த சுருட்டில் புகை ஒடுங்கி வரும். எரியும் இடத்தின் அகலம் மாற மாறச் சுவையும் மாறும்.

கியூபாவின் சுருட்டுக்குத் தலையும் அடியும் உண்டு. வாயில் வைக்கும் முனையை இலைத்துண்டால் மூடி ஒட்டுவர். புகைப்பவர் அதை வெட்டித் திறப்பார். செரூட்டுக்கு அந்த மூடி இல்லை. இரு முனையும் திறந்தே இருக்கும், உடல் நேராக இருக்கும். குவிப்பதும் மூடுவதும் இல்லாததால் வேலை விரைவில் முடியும், விலை குறையும், வாங்கியவர் உடனே பற்றவைக்கலாம். உறையூரில் சுற்றிய சுருட்டும் திண்டுக்கல் வட்டாரத்து இலையும் பெயர் பெற்றது இந்த எளிய வடிவத்தில்தான். மதராஸின் ஸ்பென்சர் நிறுவனம் திண்டுக்கல்லிலேயே சுருட்டு ஆலை நடத்தியது. திருச்சிச் சுருட்டின் காரத்தை இலையின் இயல்பாக மட்டும் கொள்ளும் வருணனைகளை வாசிக்கும்போது இவ்வடிவத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பெயர் ஒன்றாக இருந்தும் வடிவம் வேறானால் பொருளே வேறாகிவிடும் என்பதற்குப் பர்மா சான்று. அங்கும் ‘செரூட்’ என்றே ஆங்கிலேயர் அழைத்தனர். ஆனால் அது ‘தனத்’ மரத்தின் இலையால் சுற்றப்படுவது. உள்ளே புகையிலையோடு தண்டுத் துண்டுகளும் மரச்சீவல்களும் கலந்திருக்கும். பருமனில் பெரிது, காரத்தில் மென்மையானது.

வடிவம் புகைக்கும் முறையையும் தொடுகிறது. தலையும் அடியும் வேறுபடாத சுருட்டை எப்பக்கமும் வாயில் வைக்கலாம். ஆந்திரத்தின் விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் பகுதிகளில், குறிப்பாகப் பெண்களிடையே, எரியும் முனையை வாய்க்குள் வைத்துச் ‘சுட்ட’ புகைக்கும் பழக்கம் இருந்துவந்துள்ளது. அம்முறையோடு மேலண்ணப் புற்றுநோய்க்கு உள்ள தொடர்பை மருத்துவ ஆய்வுகள் காட்டியுள்ளன. சுவையின் வரலாற்றை எழுதுவோர் இதை மருத்துவருக்குரியது என்று ஒதுக்கிவிட முடியாது. இங்கும் பேசப்படுவது அதே பொருளும் அதே வாயும்தான். புகையை உள்ளிழுக்காதவரும் தப்புவதில்லை. சுருட்டுப் புகை காரத்தன்மை உடையதாதலால் நிகோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே உடலில் ஏறும்.

திருவிதாங்கூரின் கதை இன்னொரு கோணத்தைத் தருகிறது. யாழ்ப்பாணப் புகையிலைக்கு இச்சமஸ்தானம் நெடுங்காலம் பெருஞ்சந்தையாக இருந்தது; மலையாளத்தில் ‘ஜாப்பாணம்’ என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. 1860களில், திவான் டி. மாதவராவ் காலத்தில் நீக்கப்படும்வரை, புகையிலை வணிகம் சர்க்காரின் தனியுரிமையாக இருந்தது. யாழ்ப்பாணத்தார் தென்னிலங்கைச் சந்தைக்குச் சுருட்டாகச் சுற்றி விற்றனர். இங்கு வந்ததோ பெரும்பாலும் வெற்றிலையோடு மெல்லுவதற்கான இலை. ஒரே ஊரின் விளைச்சல் ஒரு கரையில் புகையாகவும் மறு கரையில் சாறாகவும் நுகரப்பட்டது. இலையை மட்டும் பின்தொடரும் வரலாறு இவ்வேறுபாட்டைத் தவறவிடும்.

அதன் விளைவும் இம்மாவட்டத்தில் பதிவாகியிருக்கிறது. 1996இல் இங்கு 13 ஊராட்சிகளில் வாய்ப்புற்றுநோய்ப் பரிசோதனை ஆய்வு ஒன்று தொடங்கியது. பயிற்சி பெற்ற பணியாளர்கள் வாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்தனர். புகையிலையோ மதுவோ பயன்படுத்துவோரிடையே, சோதனை நடந்த ஊராட்சிகளில் வாய்ப்புற்றுநோய் இறப்பு 34 விழுக்காடு குறைவாக இருந்ததென 2005இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது.

எனவே, இத்துறையில் ஆய்வு மேற்கொள்ளும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலைப்பட்டியல், விளம்பரம், பயணக்குறிப்பு, அருங்காட்சியகப் பொருள் என எதில் சுருட்டைக் கண்டாலும் இலையின் ஊரோடு நிறுத்தாதீர்கள். நீளம், தடிமன், முனைகள், உறை ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். யார் சுற்றினார், எவ்வளவு விரைவாகச் சுற்ற வேண்டியிருந்தது, யார் வாயில் எப்படி வைத்தார் என்னும் கேள்விகளுக்கு விடை தேட அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.