ஒரு தகர உண்டியலின் பூர்வகதை

பசித்தவனுக்குச் சோறிட்டவன் அவன் முகம் மலர்வதைக் கண்ணால் காண்கிறான். சித்திரை வெயிலில் தண்ணீர்ப் பந்தல் வைத்தவன், வழிப்போக்கன் மோரைக் குடித்துவிட்டு ‘அப்பாடா’ என்று சொல்வதைக் காதால் கேட்கிறான். ஆனால் இன்னும் கண்டுபிடிக்கப்படாத ஒரு மருந்துக்காக, இன்னும் பிறவாத ஏதோ ஒரு குழந்தையை உத்தேசித்து, உண்டியலில் காசு போடுகிறவனுக்கு அந்தப் பாக்கியம் கிட்டுவதில்லை. இத்தகைய தர்மம், தனவந்தர்களின் சாசனமாக மட்டும் நில்லாமல், தெருவில் போகிற சாமானிய ஜனங்களின் வழக்கமாகவே ஒரு நகரத்தில் வேரூன்றிய வரலாறு உண்டு. நகரம் அமெரிக்காவின் பாஸ்டன், ஆண்டு 1948. ஆயினும் அந்தக் கதையை பாஸ்டனில் தொடங்குவது நியாயமாகாது; பழைய சென்னை ராஜதானியில்தான் தொடங்க வேண்டும்.

கோதாவரிப் பிரதேசத்து பீமவரத்தில் 1895-இல் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் மூன்றாம் முயற்சியில் மெட்ரிகுலேஷன் தேறி, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் என்ற இளைஞர், காந்தியடிகளின் சொல்லுக்கு இணங்கிக் கதர் உடுத்தி அறுவைச் சிகிச்சைக் கூடத்துக்குள் நுழைந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டத்துடன் வெளியேற நேர்ந்தது. அவருடைய சகோதரர்கள் இருவரை ஸ்ப்ரூ என்னும் குடல்நோய் அடுத்தடுத்துக் கொண்டுபோயிற்று. அந்தத் துக்கமே அவரை ஆராய்ச்சியின் பக்கம் திருப்பியது என்று கருத இடமுண்டு. அமெரிக்கா செல்லக் கையில் பணமில்லை. காகிநாடாவில் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தர்ம ஸ்தாபனம் அளித்த உதவி வாக்குறுதியும், மாமனார் திரட்டிக் கொடுத்த தொகையுமே அவரைக் கப்பலேற்றின. 1922 அக்டோபரில் அவர் பாஸ்டனில் இறங்கினார்; வயிற்றுப்பாட்டுக்கு ஓர் ஆஸ்பத்திரியில் இரவு நேர ஊழியம் பார்த்தார்; பகலில் ஹார்வர்டில் படித்தார். அந்தத் தர்ம ஸ்தாபனத்தார் ஒரு தெலுங்குப் பிள்ளையின் படிப்புக்குக் கைகொடுத்ததாகத்தான் எண்ணியிருப்பார்கள். அந்த உதவி எங்கே போய்ப் பலிக்கப்போகிறது என்பதை அவர்கள் எப்படி அறிவார்கள்?

இன்னொரு நூலிழையும் நம் பக்கத்திலிருந்தே போகிறது. லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவப் பெண்மணி, பம்பாயில் ஏழைக் கர்ப்பிணிகளை வாட்டிய ரத்தசோகையை ஆராய 1928-இல் இந்தியா வந்து, குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரி என்று இன்றும் ஜனங்கள் அழைக்கும் இடத்திலும் பணிபுரிந்து, ஈஸ்ட் சாரத்தில் ரத்தத்தை விருத்தி செய்யும் ஏதோ ஒரு சத்து இருப்பதாகக் கண்டார். அந்தச் சத்தே பின்னாளில் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. ஹார்வர்டில் நிலையான பதவி கிட்டாமல் 1940-இல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போன சுப்பாராவின் குழுவினர், அதை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக உண்டாக்கினார்கள். அதன் உருவை ஒத்து, அதன் வேலையைச் செய்யாமல் தடுக்கும் எதிர்ப்பொருள்களையும் உண்டாக்கினார்கள். சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூ நோய்க்கு ஃபோலிக் அமிலமே மருந்தாக அமைந்தது, மனிதர் எவரும் திட்டமிட்டிருக்க முடியாத ஒரு பொருத்தம்.

அக்காலத்தில் ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தை சில வாரங்களோ சில மாதங்களோதான் உயிரோடிருக்கும். பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பிரேதப் பரிசோதனை செய்யும் நோய்க்கூறு நிபுணராக இருந்த சிட்னி ஃபார்பர், மாண்ட குழந்தைகளையே பார்த்துப் பார்த்து மனம் நொந்தவர். ரத்தத்தை விருத்தி செய்யும் ஃபோலிக் அமில வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது நோய் தணிவதற்குப் பதில் வேகம் கொண்டதை அவர் கண்டார். அந்தக் கசப்பான அனுபவத்திலிருந்தே, அவ்வமிலத்தைத் தடுத்தால் நோய் பட்டினி கிடக்குமல்லவா என்ற எண்ணம் பிறந்தது. சுப்பாராவின் கூடத்திலிருந்து வந்த அமினோப்டெரின் என்ற எதிர்ப்பொருளை 1947-ஆம் ஆண்டின் இறுதியில் குழந்தைகளுக்குச் செலுத்தினார். பதினாறு பேரில் பத்துப் பேரின் ரத்தம் தெளிந்தது. படுக்கையை விட்டு எழாத குழந்தைகள் எழுந்து விளையாடினார்கள். நோய் திரும்பி வந்தது என்பது உண்மைதான். 1948 ஜூனில் வெளியான கட்டுரையின் தலைப்பிலேயே ‘தற்காலிகம்’ என்ற சொல்லை ஃபார்பர் வைத்தார். நம்பிக்கைக்கு ஏங்கி நிற்கும் பெற்றோரிடம் சிறிதும் மிகைப்படுத்தாத அந்த ஒரு சொல்லுக்காகவே அவரை நான் மதிக்கிறேன். அதே ஆண்டு ஆகஸ்டில், ஐம்பத்து மூன்று வயதில், சுப்பாராவ் காலமானார்.

தற்காலிகத்தை நிரந்தரமாக்கப் பணம் வேண்டும். அங்கேதான் சினிமாக் கொட்டகைக்காரர்கள் வருகிறார்கள். 1928-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள், பிட்ஸ்பர்க் நகரத்துத் திரையரங்கு ஒன்றின் ஆசனத்தில் ஒரு தாய் விட்டுச்சென்ற பச்சிளம் பெண் குழந்தையைக் கொட்டகைத் தொழிலைச் சேர்ந்த பதினொரு பேர் கூட்டாக வளர்க்க ஏற்றார்கள். வெரைட்டி கிளப் என்ற அவர்களுடைய சங்கம் அது முதல் குழந்தைகளுக்கு உதவுவதையே விரதமாகக் கொண்டது. அச்சங்கத்தின் நியூ இங்கிலாந்துக் கிளைதான் ஃபார்பருக்குத் துணை நின்றது.

1948 மே 22, சனிக்கிழமை இரவு. ஹாலிவுட்டிலிருந்து ஒலிபரப்பாகும் வானொலி நிகழ்ச்சியொன்றில், ரால்ஃப் எட்வர்ட்ஸ் என்பவர் ஃபார்பரின் பாஸ்டன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனோடு பேசினார். மெய்ன் மாகாணத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை; வயிற்றில் புற்றுநோய்; உண்மைப் பெயரை மறைத்து ‘ஜிம்மி’ என்றார்கள். நோய் என்ற பேச்சையே எட்வர்ட்ஸ் பையனிடம் எடுக்கவில்லை. பேஸ்பால் ஆட்டத்தில் உனக்குப் பிடித்தவர் யார் என்றுதான் கேட்டார். பையன் ஒருவர் பெயரைச் சொல்ல, பாஸ்டன் பிரேவ்ஸ் அணியின் அந்த ஆட்டக்காரரே கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். அடுத்த பெயர், அடுத்த ஆள். இப்படியே அறை நிறைந்தது. கடைசியில் பையன் ஆட்டக்களத்துப் பாட்டொன்றைச் சுருதி விலக உரக்கப் பாட, அவர்களும் சேர்ந்து பாடினார்கள். ஆட்டங்களைப் படுக்கையிலிருந்தே பார்க்க ஜிம்மிக்கு ஒரு டெலிவிஷன் பெட்டி வேண்டும், ஆராய்ச்சிக்கு இருபதினாயிரம் டாலர் சேர்ந்தால் வாங்கித் தருவோம் என்று அறிவித்தார்கள். சேர்ந்ததோ இரண்டு லட்சத்து முப்பதினாயிரம் டாலருக்கு மேல். ‘ஜிம்மி, பாஸ்டன்’ என்று மட்டும் முகவரியிட்ட உறைகளில், குழந்தைகள் தங்கள் கைக்காசை வைத்து அனுப்பினார்கள். டெலிவிஷன் பெட்டியும் வந்தது.

பிறகு அந்தப் பையன் பெயராலேயே அமைந்த ஜிம்மி நிதியின் தகர உண்டியல்கள் அந்த வட்டாரம் முழுவதும் நடமாடத் தொடங்கின. திரையரங்குகளில் உண்டியல் வரிசை வரிசையாகக் கைமாறியது. பேஸ்பால் ஆடும் சிறுவர்கள் ஆட்டச் சீருடையோடே வீடுவீடாகக் குலுக்கிக்கொண்டு போனார்கள். 1953-இல் பிரேவ்ஸ் அணி பாஸ்டனை விட்டுப் போனபோது ரெட் சாக்ஸ் அணியினர் அப்பணியை ஏற்றார்கள். அவர்களில் டெட் வில்லியம்ஸ் என்ற பெரும் ஆட்டக்காரர், பத்திரிகைக்காரர் எவருக்கும் தெரியாமல் குழந்தைகளின் கட்டிலருகே வந்து உட்கார்ந்திருப்பதை வழக்கமாகக் கொண்டார். ஆராய்ச்சிக்கான கட்டிடம் 1952-இல் எழுந்தது.

ஜிம்மி இறந்திருப்பான் என்றே பலரும் நினைத்தார்கள். ஐம்பது ஆண்டுகள் கழிந்து, எய்னார் குஸ்தாஃப்ஸன் என்ற லாரி ஓட்டுநர் தாமே அந்தப் பையன் என்று வெளிப்பட்டு, 1998-இல் பாஸ்டன் ஜனங்களின் முன் நின்றார். 2001-இல், அறுபத்தைந்தாம் வயதில் காலமானார்.

இனி கதை நம் சென்னைக்கே திரும்புகிறது. சுப்பாராவுக்குச் சில ஆண்டுகள் முந்தி அதே சென்னைக் கல்லூரியில் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, புற்றுநோய்க்குத் தம் தங்கையைப் பறிகொடுத்த வேதனையோடு, மாதர் சங்கத்தின் துணையால் வருஷக்கணக்கில் நன்கொடை திரட்டி, 1954 ஜூன் 18-ஆம் நாள் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் நிலையத்தைத் திறந்தார். 1960-இல் அங்கே குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு ஏற்பட்டது. 1980-களில் அந்நிலையமும் பம்பாய், தில்லி மருத்துவ நிலையங்களும் அமெரிக்க அறிஞர்களோடு கூடி, நம் நாட்டு ஏழைக் குழந்தைகளுக்கு ஏற்ற ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை முறையொன்றை வகுத்தன. அம்முறையில் முதுகுத்தண்டின் வழியே செலுத்தும் மெதோட்ரெக்ஸேட், அமினோப்டெரினின் உடன்பிறப்பு. திருவல்லிக்கேணியில் படித்த அந்தப் பிள்ளையின் கூடத்துச் சரக்கு.

வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். பிள்ளையின் பிறந்தநாளுக்கு அன்னதானம் செய்கிறோம், மருந்துச் செலவுக்குத் தவிக்கும் குடும்பத்துக்குக் கைகொடுக்கிறோம்; அவற்றில் ஒரு காசும் குறைய வேண்டாம். அவற்றோடு, குழந்தைப் புற்றுநோயை ஆராயும் நிலையம் ஒன்றுக்கும் ஆண்டுதோறும் தங்களால் இயன்றதை, பெயரெழுதச் சொல்லாமல், அனுப்பி வையுங்கள்.