காரியாலயக் காப்பி யந்திரத்தின் பூர்வீகம்

ஒரு காரியாலயத்தின் பொதுச் சமையற்கட்டுக்குத் தானியங்கி எஸ்பிரஸோ யந்திரம் ஒன்று வாங்கவேண்டும் என்ற யோசனை எழுந்தவுடன், விலை என்ன, நாளைக்கு எத்தனை கோப்பை தரும், பாலை நுரைக்க வைக்குமா என்ற கேள்விகளே முதலில் பிறக்கின்றன. அவை நியாயமான கேள்விகள்தாம். ஆயினும், பொத்தானை அழுத்தியதும் கொட்டையை அரைத்து, தூளை அமுக்கி, வெந்நீரைச் செலுத்தி, சக்கையையும் தானே ஒதுக்கித் தள்ளுகிற இந்தச் சாதனம் ஒரே நாளில் உதித்ததன்று. காப்பி போடுகிறவனின் கைத்தொழிலை, ஏறக்குறைய நூறாண்டுக் காலத்தில், ஒவ்வோர் அங்கமாகக் கவர்ந்து தன்னுள் அடக்கிக்கொண்டு வளர்ந்தது அது. எதைக் கவர்ந்தது, எதைக் கவர மாட்டாமல் மனிதனிடமே விட்டது என்று அதன் சரித்திரத்தைப் பார்த்தால், விலைப்பட்டியலில் இல்லாத ஒரு விஷயம் வாங்குகிறவருக்குப் புலப்படும்.

இத்தாலியின் டூரின் நகரத்தில் 1884-ஆம் ஆண்டு நடந்த பொருட்காட்சியில், அவ்வூரில் ஹோட்டல் நடத்திவந்த ஆஞ்ஜெலோ மோரியோண்டோ என்பவர், நீராவியின் உதவியால் விரைவில் காப்பி இறக்கும் யந்திரம் ஒன்றைக் காட்சிக்கு வைத்து வெண்கலப் பதக்கம் பெற்றார். அது பலருக்கு வேண்டிய காப்பியை ஒரே ஈட்டில் மொத்தமாக இறக்கியது. அவரும் தம் சொந்த ஸ்தாபனங்களில் அதைப் பயன்படுத்தியதோடு திருப்தியடைந்துவிட்டார். கேட்டவருக்குக் கேட்ட கணத்தில், தனித்தனிக் கோப்பையாக இறக்கிக் கொடுக்கும் முறைக்கு, மிலான் நகரத்து லூயிஜி பெட்ஸெரா 1901-இல் காப்புரிமை கோரினார். தொழிலாளர்கள் காப்பிக்காகச் செலவிடும் நேரத்தைக் குறைக்கவே அவர் இம்முயற்சியில் இறங்கினார் என்று கர்ணபரம்பரையாக ஒரு கதை வழங்குகிறது. மெய்யோ பொய்யோ, அந்த யந்திரத்தின் பிற்கால வரலாறு முழுவதற்கும் அது பொருந்தும். அவரிடமிருந்து அந்த உரிமையை வாங்கிய டெஸிடேரியோ பவோனி 1905-இல் உற்பத்தியைத் தொடங்க, மறு ஆண்டு மிலானில் நடந்த சர்வதேசப் பொருட்காட்சியில் ஜனங்கள் அதன் காப்பியை ருசி பார்த்தனர்.

இந்த ஆதி யந்திரங்களுக்கு ஒரு பிறவிக் குறை இருந்தது. மூடிய கொதிகலனில் அழுத்தமும் உஷ்ணமும் ஒன்றையொன்று பிரியாமல் உயர்வன. ஆகையால், ஒன்றரை அல்லது இரண்டு வளிமண்டல அழுத்தத்துக்கு மேலே போக வேண்டுமானால் நீரை மேலும் காய்ச்ச வேண்டும், நீர் மிகக் காய்ந்தாலோ தூள் தீய்ந்து பானம் கசக்கும். நம் ஊர்க் கல்யாணப் பந்தலில் சீறிக்கொண்டு பாலை நுரைக்கச் செய்து 'எஸ்பிரஸோ காப்பி' என்ற பெயரில் தருகிற யந்திரமும் இந்த நீராவி வம்சத்தைச் சேர்ந்ததே. 1922-இல் லியோனெட்டோ கப்பியெல்லோ என்ற சித்திரக்காரர் விக்டோரியா ஆர்டுவினோ ஸ்தாபனத்துக்காக எழுதிய விளம்பரப் படத்தில், ரயிலிலிருந்து உடலை வெளியே நீட்டிய பிரயாணி யந்திரத்தினின்று கோப்பையைப் பிடித்துக்கொள்கிறான். அக்காலத்தில் எஸ்பிரஸோ என்றால் முதலில் வேகந்தான். ருசி பிற்பாடு வந்தது.

அந்த ருசியைக் கொணர்ந்தவர் மிலானில் காப்பிக் கடை வைத்திருந்த அக்கில்லே காட்ஜா. 1938-இல் காப்புரிமை கோரிய அவர், யுத்தம் ஓய்ந்தபின், வில்லின் விசையால் உந்துதண்டு வெந்நீரைத் தூளின் வழியே தள்ளும்படியான யந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நெம்புகோலைக் கீழே இழுத்து விட்டால், வில் தளரும்போது எட்டு முதல் பத்து வளிமண்டலம் வரை அழுத்தம் பிறந்தது. நீரை அளவுக்கு மிஞ்சிக் காய்ச்ச வேண்டிய அவசியமும் ஒழிந்தது. கோப்பையின் மேல் பழுப்பு நிற நுரை படர்ந்ததை அவர் காப்பியின் இயற்கையான பாலாடை என்று விளம்பரம் செய்தார். இன்றைக்கும் எஸ்பிரஸோவின் லட்சணம் அதுவே. ஆனால் நெம்புகோலை இழுப்பதற்குத் தோள் பலமும் பழக்கமும் வேண்டியிருந்தமையால், கருவி முன்னேற முன்னேற அதை ஆள்கிறவனுடைய மதிப்பும் உயர்ந்தது.

அந்தத் தோளை ஓய்வுறச் செய்தது, 1961-இல் எர்னெஸ்டோ வாலெண்டேயின் ஃபாயேமா ஸ்தாபனம் வெளியிட்ட 'ஈ-61'. அவ்வாண்டு இத்தாலியில் தெரிந்த சூரிய கிரகணத்தின் ஞாபகமாக அப்பெயர் இடப்பட்டது. மின்சாரப் பம்பு சுமார் ஒன்பது வளிமண்டல அழுத்தத்தை மாறாமல் கொடுத்தது. ஆயினும் கொட்டையை அரைப்பதும், ஏழு கிராம் அளவில் தூளை நிறுத்து அமுக்குவதும், ஏறக்குறைய 25 விநாடியில் 25 மில்லிலிட்டர் இறங்குகிறதா என்று கவனிப்பதும் இன்னமும் மனிதனுடைய பொறுப்பாகவே இருந்தன.

இதற்கிடையே அமெரிக்காவில், வேலை நேரத்தின் நடுவே காப்பி குடிக்கும் சம்பிரதாயம் வேரூன்றியது. 1952-இல் பான்-அமெரிக்கன் காப்பி பீரோ அதற்காகவே பெரும் பிரசாரம் நடத்தியது. டென்வர் நகரத்தில் கழுத்துப்பட்டை நெய்யும் ஆலை ஒன்றில், தினம் இருமுறை 15 நிமிஷம் காப்பிக்கு ஓய்வு கொடுத்ததில் உற்பத்தி பெருகியது; அந்த நிமிஷங்களுக்குக் கூலி உண்டா என்ற வழக்கில், ஓய்வின் பயன் முதலாளியையும் சேர்வதால் கூலி கொடுக்கத்தான் வேண்டும் என்று 1956-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. காப்பி நேரம் சம்பள நேரமான பிறகு, உத்தியோகஸ்தர் வெளியே போகாமல் நல்ல காப்பி கிடைப்பதில் நிர்வாகத்துக்கும் அக்கறை உண்டாவது இயல்பே. ஆனால் காரியாலயத்தில் காப்பி போடும் நிபுணன் இல்லை. ஆகவே எஞ்சிய திறனையும் யந்திரமே கற்க வேண்டியதாயிற்று.

அது இரண்டு மார்க்கங்களில் நிகழ்ந்தது. பொலோன்யாவுக்கு அருகே காஜோ மோந்தானோ என்ற சிற்றூரில் 1981-இல் தோன்றிய சாயேகோ ஸ்தாபனம், நான்கு ஆண்டுகளில், அரைப்பது முதல் சக்கை தள்ளுவது வரை யாவற்றையும் தானே செய்யும் யந்திரத்தை வீடுகளுக்கென்று வெளியிட்டது. அவ்வகையே பின்னர்க் காரியாலயங்களிலும் பரவியது. சுவிட்சர்லாந்திலோ, நெஸ்லே ஸ்தாபனத்துப் பொறியாளர் எரிக் ஃபாவ்ர் உருவாக்கிய குளிகை முறையில், அரைப்பதும் அளப்பதும் தொழிற்சாலையிலேயே முடிந்து, தூள் சிறு சிமிழில் அடைபட்டு வந்தது. நெஸ்பிரஸோ என்ற பெயரில் 1986-இல் விற்பனைக்கு வந்த அம்முறை முதலில் நாடியது வீடுகளையன்று, காரியாலயங்களையே.

ஆக, கை அழுத்தமும், அளவும், அரைப்பும் யாவும் யந்திரத்தின் வசமாயின. கழுவுதல் மட்டும் முழுதும் ஆகவில்லை. காப்பிக் கடையில் அது தொழிலின் ஓர் அங்கம். அழுக்கான யந்திரம் உடையவனின் வயிற்றிலடிக்கும். காரியாலயத்திலோ சக்கைப் பெட்டியைக் கொட்டுவதும், தண்ணீர்த் தொட்டியை நிரப்புவதும், பால் குழாயைத் தினம் அலசுவதும், கொதிகலனில் படியும் சுண்ணாம்பை அகற்றுவதும் எல்லோருக்கும் உரியனவாகி, எவருக்கும் உரியனவல்லாமற் போகின்றன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கம்ப்யூட்டர் ஆய்வுக்கூடத்தில் 1991-இல் ஒரு சாதாரண வடிகாப்பிப் பாத்திரத்தின் எதிரே காமிராவைப் பொருத்தினார்கள். மாடி ஏறி வந்தவர்கள் வெறும் பாத்திரத்தைக் கண்டு ஏமாறாமலிருக்க அந்த ஏற்பாடு. அத்தனை பெரிய அறிவாளிகளும் பாத்திரம் காலியென்று அறிவிக்கத்தான் யுக்தி செய்தார்கள். அதை நிரப்புவது மனிதனிடமே நின்றது.

ஆகையால், குளிகை யந்திரமா, கொட்டை அரைக்கும் யந்திரமா என்று ஆலோசிக்கிறவர்கள், ஒவ்வொன்றும் எந்த வேலையை மிச்சம் வைக்கிறது என்பதை முதலில் கணக்கிடுவது நலம். குளிகை கழுவும் வேலையைச் சுருக்கி, கோப்பைக்கு ஆகும் செலவையும் அலுமினியக் குப்பையையும் பெருக்கும். கொட்டை யந்திரம் செலவைச் சுருக்கி, நித்தியப் பராமரிப்பைக் கேட்கும். அந்தப் பராமரிப்புக்குச் சம்பளத்தோடு ஓர் ஆளையோ, ஒப்பந்தத்தோடு ஒரு ஸ்தாபனத்தையோ நியமிக்க மனமில்லாத காரியாலயம், பாலை நுரைக்கும் விலை உயர்ந்த யந்திரத்தை வாங்காமலிருப்பதே உத்தமம்.